டில்லி போட்ட பிச்சையா?

2022 ஜனவரி 12-ல் அரியலூர் உள்பட 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். கட்டுமானச் செலவில் 100-க்கு 60 மத்திய சர்க்காருடையது, மீதி மாநிலத்தினுடையது. இதை டில்லியின் தர்மம் என்கிறார்கள். யார் வீட்டுப் பணம்? சிமெண்ட் ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் பிடித்த வரிப் பணமல்லவா!

பக்கத்து ஜில்லாவான பெரம்பலூருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பார்லிமெண்ட் உறுப்பினரின் தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடிதான். அதில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிடம் கட்டலாம். டாக்டருக்கும் நர்சுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே அவர் டில்லியில் நிதி கேட்பது நியாயமே, ஆதரிக்கிறோம். ஆனால் மனு மட்டும் டில்லியை அசைக்காது.

தோழர்களே! பெரம்பலூருக்கும் சர்க்கார் கல்லூரி வேண்டும். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் ஒன்றுபட்டுக் குரல் எழுப்புவோம். நாம் கேட்பது பிச்சையல்ல, நம் பங்கு!