யூனிஃபை வேகத்துக்கும் கோப்புறைக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டு நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியில் கோப்புகளை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மணிக்கணக்காகிறதா? "யூனிஃபை இணையத் திட்டத்தை உயர்த்துங்கள்" என்ற அறிவுரை பூச்சோங்கில் தாராளமாகக் கிடைக்கும். அது தவறு. மாதாமாதம் காசைக் கரைக்கும் தவறு.

பெட்டியும் மடிக்கணினியும் ஒரே வீட்டில், ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. கோப்பு வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. 100 எம்பிபிஎஸ் திட்டமானாலும் 1 ஜிபிபிஎஸ் ஆனாலும் இந்த வேலைக்கு ஒன்றுதான்.

பத்துமலைத் தைப்பூசக் காணொளிகள் 400 ஜிபி சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே பகிர்வுக் கோப்புறைக்குள் மாற்றினால் தரவு நகர்வதில்லை. பெட்டியின் கோப்பு அட்டவணையில் முகவரி மட்டும் மாறும். நொடிகளில் முடிந்துவிடும். வேறொரு பகிர்வுக்கு மாற்றும்போதுதான் சிக்கல். பெரும்பாலும் ஒவ்வொரு பைட்டும் நகலெடுக்கப்பட்டு, பிறகு பழையது அழிக்கப்படும். அதுவும் மடிக்கணினியின் வழியே போனால், அதே தரவு வைஃபையில் ஒருமுறை இறங்கி மறுமுறை ஏறும். ஜிகாபிட் கேபிளிலேயே நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பிதான். 400 ஜிபியை ஒருமுறை கடத்தவே ஒரு மணி நேரம் ஆகும்.

மாற்றவேண்டியது திட்டத்தை அல்ல, வழியை. சினாலஜி, கியூநாப் பெட்டிகள் இரண்டிலும் ஃபைல் ஸ்டேஷன் என்ற செயலி இருக்கிறது. உலாவியில் அதைத் திறந்து அங்கேயே இடம் மாற்றினால், பெட்டி தனக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை சகஜம். பாதியில் மின்சாரம் போகலாம். ஆகவே பெரிய தொகுப்பை முதலில் நகலெடுங்கள், எண்ணிக்கையையும் அளவையும் சரிபாருங்கள், அதன்பிறகே பழையதை அழியுங்கள்.