பொதுக் கோப்பு என்னும் தீர்வு

செயலியின் திரையை வரையும் இடைமுக வடிவமைப்பாளருக்கும் அதை இயங்கச் செய்யும் நிரலாளருக்கும் இடையே வேலை கைமாறும்போது நேரும் பிழைகளுக்கெல்லாம் இருவரும் வெவ்வேறு கருவிகளைப் பயன்படுத்துவதே காரணம் என்றும், இருவரையும் ஒரே கோப்பில் வேலை செய்ய வைத்துவிட்டால் அப்பிழைகள் தாமே அகலும் என்றும் மென்பொருள் துறையில் ஒரு கூற்று நிலைபெற்றிருக்கிறது. இன்று ஃபிக்மா என்னும் வடிவமைப்புக் கருவியைச் சுட்டிச் சொல்லப்படும் இக்கூற்று, 2007-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பிரஷன் பிளெண்ட் என்னும் கருவி வெளியானபோதே சொல்லப்பட்டதுதான். அன்று கிடைத்த பாடத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கூற்றின் முதல் வாதம் மறுவரைவு பற்றியது. வடிவமைப்பாளர் தரும் படத்தைப் பார்த்து நிரலாளர் மீண்டும் நிரலில் வரைவதால்தான் பிறழ்வு புகுகிறது என்பது அதன் சாரம். பிளெண்ட் இந்த மறுவரைவை உண்மையிலேயே ஒழித்தது. பொத்தான், பட்டியல் முதலான திரைக்கூறுகளை எக்ஸ்எம்எல் குறிகளால் விவரிக்கும் ஸாமல் என்னும் மொழியில் அது கோப்பை எழுதியது; அதே கோப்பை நிரலாளர் தம் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில் திறந்து வேலையைத் தொடரலாம். ஆனால், வடிவமைப்பாளர் ஒரு பொத்தானை இழுத்து ஓரிடத்தில் வைத்தால், கருவி அந்த இடத்தை ஓரங்களிலிருந்து அளந்த நிலையான எண்களாகப் பதிந்துவிடும் வாய்ப்பு அதிகம். சாளரத்தின் அளவு மாறும்போதோ உள்ளிருக்கும் உரை நீளும்போதோ அமைப்பு குலையும். உள்ளடக்கத்திற்கேற்ப விரியும் வரிசைகளாகவும், எஞ்சிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நெடுவரிசைகளாகவும் திரையைப் பிரிக்கும் வசதி அதே ஸாமலில் இருந்தும், எந்தப் பகுதி விரிய வேண்டும், எது அசையக் கூடாது என்பதை யாரேனும் முடிவு செய்திருந்தால்தான் அது பயன்படும். அம்முடிவு எடுக்கப்படாத இடங்களில் நிரலாளர் கோப்பைப் பிரித்து மீண்டும் எழுதவே நேர்ந்தது.

பிளெண்டைக் கொண்டு செம்மையாக வேலை செய்த குழுக்களும் இருந்தனவே என்று இதற்கு மறுமொழி கூறப்படலாம். அக்குழுக்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது, மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த ஜான் காஸ்மன் 2005-இல் விளக்கிய எம்விவிஎம் என்னும் கட்டமைப்பு முறை. திரையின் தோற்றத்தை வடிவமைப்பாளரின் பொறுப்பில் விட்டு, அதற்கு வேண்டிய தரவையும் செயல்களையும் ஓர் இடைப்பகுதியில் நிரலாளர் வைத்து, இரண்டையும் பெயர்களால் மட்டும் பிணைப்பது அம்முறையின் அடிப்படை. கூற்றினர் அழிக்க விரும்பும் எல்லையை இது அழிக்காமல் தெளிவாக வரைந்து காட்டியது என்பது கவனிக்கத்தக்கது. அந்தப் பெயர்களை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பொதுக் கோப்பு தீங்கையும் மறைத்துவிடும்: மரபான பிணைப்பில் ஒரு பெயர் பிழைபட்டால் நிரல் தொகுப்பு தடையின்றி முடியும், இயக்கும்போது திரையின் அந்த இடம் வெறுமையாக நிற்கும், பிழைச்செய்தியோ வழுத்தீர்ப்புச் சாளரத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும்.

அளவுகளைத் துல்லியமாகக் கொடுத்தால் போதும் என்பது அடுத்த வாதம். ஸெப்லின் என்னும் கருவியும், ஃபிக்மா 2023-இல் அறிமுகப்படுத்திய டெவ் மோடும் இடைவெளி, எழுத்தளவு, வண்ணக் குறியீடு ஆகியவற்றை நிரலாளருக்குத் திரட்டித் தருவது பயனுள்ள உதவியே. ஆயினும் அவை அளப்பது வரையப்பட்ட நிலையை மட்டுமே. ஐஃபோனில் முதன்மை உரை எழுத்தின் இயல்பளவு 17 புள்ளிகள்; பார்வைக் குறைபாடுள்ள பயனர் எழுத்தளவை உச்சத்திற்கு உயர்த்தினால் அதுவே 53 புள்ளிகளாகும். அப்போது பக்கத்தில் நிற்கும் படம் கீழே இறங்க வேண்டுமா, உரை பாதியில் வெட்டுப்பட வேண்டுமா, பட்டியல் வெறுமையாக இருந்தால் என்ன தோன்ற வேண்டும், இணைப்பு அறுந்தால் என்ன தோன்ற வேண்டும் என்பன வரையப்படாதவரை எந்த அளவுகோலுக்கும் எட்டாதவை.

இருவரும் ஒரே வேளையில் வேலை செய்யலாம் என்பதும், கருவியே நிரலை எழுதிவிடும் என்பதும் இவற்றினும் வலுக்குறைந்த வாதங்கள். செயலியின் திரைகளை அமைக்க ஆப்பிள் 2011-இல் கொண்டுவந்த ஸ்டோரிபோர்டு கோப்புகளை இருவர் தனித்தனியே திருத்தி இணைக்க முயன்றபோது எழுந்த முரண்களால் சலிப்புற்று, திரைகளைச் சிறு கோப்புகளாக உடைத்தோரும் முற்றிலும் நிரலிலேயே எழுதியோரும் பலர். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் படங்களை ஃபிளெக்ஸ் நிரலாக்கித் தந்த அடோபியின் ஃபிளாஷ் கேட்டலிஸ்ட், 2010-இல் வந்த முதற்பதிப்பில் நிரலாளர் திருத்திய நிரலைத் திரும்ப ஏற்கவில்லை. 2011-இல் அதற்கு ஓரளவு வழிசெய்யப்பட்டும் 2012-இன் சிஎஸ்6 தொகுப்பில் அது இடம்பெறவில்லை.

கருவிகளால் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. வண்ணத்தையும் இடைவெளியையும் வெறும் எண்ணாக எழுதாமல் ‘எச்சரிக்கைப் பின்னணி’ என்பது போன்ற பணிப்பெயரால் குறிக்கும் டிசைன் டோக்கன் முறை, சேல்ஸ்ஃபோர்ஸின் வடிவமைப்புக் குழுவிலிருந்து பரவி, இன்று பல நிறுவனங்களில் இருதரப்பையும் இணைக்கிறது. இப்பெயர்களை யார் சூட்டுவது, யாருடைய ஒப்புதலோடு மாற்றுவது என்பவை பேசி முடிவானபின், பட்டியலை ஒரு சாதாரண ஜேசன் கோப்பில் வைத்து, அமேசானில் உருவான ஸ்டைல் டிக்‌ஷனரி போன்ற கட்டற்ற கருவி ஒன்றைக் கொண்டு ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, இணையம் மூன்றுக்கும் உரிய வடிவங்களை உருவாக்கிக்கொள்ளலாம். வடிவமைப்பாளரும் நிரலாளரும் அதற்காக ஒரே கருவியைத் திறக்க வேண்டியதில்லை.