ஊர்ப் பள்ளிக்கு உபகரித்தோர்



நமது பங்குத் திருவிழாவில் எந்த நவநாள் யாருடைய உபயம், தேரின் பூச்செலவை ஏற்றவர் யார் என்பதெல்லாம் நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் நம் தெருக்கோடியிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர் யாரென்று கேட்டால், நம்மில் பலர் விழிப்போம். இத்திங்கள் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

இக்காரியத்தில் நமது வட்டாரத்திற்குத் தனிப் பெருமை உண்டு. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் கடம்பத்தூர் என்றோர் ஊர் உள்ளது. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரிலேதான் 1958ஆம் ஆண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது கூடிற்று. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலம் அது. புதிய பள்ளிகள் பெருகின; அரசின் பணமோ போதவில்லை. ஆகவே ஒவ்வொரு பள்ளியின் தேவைகளையும் முதலில் பட்டியலிட்டனர். கரும்பலகை, பலகை, நிலப்படம், கடிகாரம், தண்ணீர்ப்பானை, வகுப்பறை எனச் சிறியதும் பெரியதும் அதில் இடம்பெற்றன. பின்னர் ஊராரைக் கூட்டி, அவரவர்க்கு இயன்றதைத் தருமாறு வேண்டினர். கடம்பத்தூரில் எழுந்த இவ்வழக்கம் மாநிலமெங்கும் பரவிற்று.

1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் ஊராரின் கைப்பிடியரிசியில் வளர்ந்ததே. அடுத்த ஆண்டு அரசு மானியம் வழங்க முன்வந்தபோதும், செலவில் நூற்றுக்கு 60 பங்கை அரசும் 40 பங்கை ஊராரும் ஏற்றனர்.

இன்று உணவும் நூலும் சீருடையும் அரசே தருகின்றது. அப்படியாயின் ஊரார்க்கு அலுவல் இல்லையோ? உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். 2022 டிசம்பரில் தமிழக அரசு, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் திட்டத்தின் வாயிலாக முன்னாள் மாணவரையும் தொழில் நிறுவனங்களையும் அழைத்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் நம் ஊர்களின் செங்கற்சூளைகளும் தொலைவிலிருந்து வந்தோரின் உழைப்பால் நடக்கின்றன. தமிழ் அறியாத பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளியில் சேர்த்து, அதன் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் அண்டை வீட்டாரும் அப்பள்ளிக்கு உபகாரிகளே. அவர்களது பெயர் எந்தக் கல்வெட்டில் உள்ளது?

நற்செயலை அரசு மதித்துப் பாராட்டியதும் உண்டு. மதுரையை அடுத்த கொடிக்குளத்தில், மறைந்த தம் மகளின் நினைவாக ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு வழங்கினார். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். 2024ஆம் ஆண்டு குடியரசு நாளன்று முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பது நம் ஆண்டவரின் போதனையன்றோ, பின் பாராட்டு எதற்கு எனச் சிலர் வினவலாம். நன்றாய்க் கவனிப்போம். அப்போதனை கொடுப்பவர்க்கு உரியது. பெற்றவர் கடமை வேறு. குணம்பெற்ற தொழுநோயாளர் பதின்மரில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவனே. மற்ற ஒன்பதின்மர் எங்கே என்று கேட்டவரும் அதே ஆண்டவரே. கொடுத்தவர் மௌனமாயிருப்பது தர்மம். பெற்ற ஊரும் மௌனமாயிருப்பது நன்றிகேடு.

அன்றியும், பாராட்டு கொடையின் விலையை அளந்து செய்வதாயின் அது முகஸ்துதியாகிவிடும். கட்டடம் தந்த ஆலைக்கு மாலையும், ஆண்டு முழுவதும் மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்த இளம்பெண்ணுக்கு மறதியும் என்றால், பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்பர்?

நம் பிள்ளைகள் மறைமாவட்டப் பள்ளியில் பயிலலாம். ஆயினும் ஊர்ப் பள்ளியில் பயில்வோரும் நம் அயலார் மக்களே. ஆகவே வரும் ஆண்டுவிழாவிற்கு முன் தலைமையாசிரியரைக் கண்டு இரண்டு பட்டியல்கள் கேட்போமாக: பள்ளிக்கு உதவியோரின் பட்டியல் ஒன்று, இன்னும் வேண்டியவற்றின் பட்டியல் மற்றொன்று. முதலாவதைப் பங்கு மக்கள் முன் வாசித்து நன்றி கூறுவோம். இரண்டாவதை நம் வீடுகளுக்கு எடுத்துச் சென்று, இயன்றதைக் குறித்துக்கொள்வோம்.