வகுத்தல் கணக்கில் சிக்காத கரு

"இந்தத் தண்ணியைக் குடிச்சா கரு எங்கே தங்கும்?" தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் குடிநீரில் உள்ள புளோரைடு பற்றிப் பேச்செடுத்தால் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆதாரமும் கேட்டால் கிடைக்கும்: கர்ப்பிணிகள் பதிவேட்டில் கலைந்த கருக்களை எண்ணி, மொத்தப் பதிவால் வகுத்தால் மோசமான வட்டாரம் எது என்று தெரிந்துவிடுமாம்.

தெரியாது. இரண்டு ஊர்களை நினைத்துக்கொள்வோம். இரண்டிலும் நூறு பேர் கருவுறுகிறார்கள். 15 கரு கலைகிறது, அதில் 10 எட்டாம் வாரத்துக்குள். முதல் ஊர் நர்ஸம்மா சுறுசுறுப்பு. நாள் தள்ளிப்போன கையோடு கர்ப்பச் சோதனைக் கார்டில் பார்த்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் வாங்கித் தந்துவிடுகிறார். அங்கே கணக்கு 100க்கு 15. அடுத்த ஊரில் பத்தாம் வாரம்தான் பதிவு. முதலில் கலைந்த பத்தும் ஏட்டுக்கே வரவில்லை. மிச்சம் 90இல் 5, ஆறு சதவீதம்கூட இல்லை. நன்றாக வேலை செய்தவருக்குக் கெட்ட பெயர்! இது கற்பனைக் கணக்குதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இழப்பு கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழு பெண்களின் சிறுநீரை அன்றாடம் சோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்றவற்றில் 31 சதவீதம் கலைந்திருந்தது. 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரியவருமுன்பே.

அடுத்தது, 'கலைந்தது' என்ற சொல்லை அப்படியே நம்புவது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 826 மட்டுமே இருந்த மாவட்டம் இது. ஸ்கேன் பார்த்துக் கலைத்த குடும்பம் நர்ஸிடம் "தானா கலைஞ்சிடுச்சு" என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

தண்ணீருக்கு வருவோம். புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது, சந்தேகமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஊர்க் கிணற்றில் உள்ள புளோரைடு அளவு ஒரு பெண் குடித்த அளவு ஆகாது. வயதும் குறுக்கே நிற்கிறது. நார்வேயில் 2009 முதல் 2013 வரையிலான நான்கு லட்சத்துக்கும் அதிகமான கர்ப்பங்களைப் பார்த்தபோது, 25–29 வயதில்தான் இழப்பு மிகக் குறைவு, பத்து சதவீதம். இருபதுக்குக் கீழே அதைவிட அதிகம். சின்ன வயதிலேயே கட்டிக்கொடுக்கும் ஊர்களில் வயதுவாரியாகப் பிரிக்காமல் ஒப்பிட்டால், வயதின் பழியும் சேர்ந்து தண்ணீர் தலையில் விழும்.

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது? வாழ்நாள் பகுப்பாய்வு (survival analysis) என்ற முறையில் ஒவ்வொரு பெண்ணும் தான் பதிந்த வாரத்திலிருந்துதான் கணக்கில் சேர்வார்; ஐந்தாம் வாரத்தில் வந்தவரும் பத்தில் வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கமாட்டார்கள். பதிவுக்கு முன் போனதை அது மீட்டுத் தராது, ஒப்பீட்டையாவது நேர்மையாக்கும். அதற்குப் புதிய சர்வே வேண்டாம். கடைசி மாதவிலக்குத் தேதியும் பதிவான தேதியும் நர்ஸம்மாவின் ஏட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.