இரட்டையர் என்றால் இளக்காரமா?

லிசா ரேமண்டை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1992, 1993 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றவர். தொழில்முறை ஆட்டத்தில் 79 இரட்டையர் பட்டங்கள். நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பெண்கள் இரட்டையர் வெற்றி. 2011இல் லீசல் ஹூபருடன் அமெரிக்க ஓபனை வென்றபோது வயது 38. இப்படிப்பட்டவர்களைத்தான் ‘ஒற்றையரில் தேறாதவர்கள்’ என்று ஒதுக்குகிறார்கள். கூட்டாளி சர்வ் போடும் நொடியில் எதிராளியின் பந்து எங்கே வரும் என்று கணித்து வலையருகே பாய்வது திறமை இல்லையா?

2007இல் விம்பிள்டன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு தந்தது. கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2024இல் அங்கே ஒற்றையர் வென்ற பெண்ணுக்கு 27 லட்சம் பவுண்டு. இரட்டையர் வென்ற இருவருக்கும் சேர்த்தே ஆறரை லட்சம். ஆண் இரட்டையருக்கும் அதே தொகைதானே, கூட்டம் வருவதில்லையே என்பார்கள். 1970இல் ஆண்களுக்குக் கொடுத்ததில் எட்டில் ஒரு பங்கைப் பெண்களிடம் நீட்டிய போட்டி அமைப்பாளர் ஜாக் கிரேமரும் இதைத்தான் சொன்னார். பில்லி ஜீன் கிங், ரோசி கசால்ஸ் உட்பட ஒன்பது பேர் அதை ஏற்காமல் ஹூஸ்டனில் தனிப் போட்டி ஆடினார்கள், கூட்டமும் வந்தது. இரட்டையர் ஆட்டங்களை ஓரத்து மைதானங்களுக்குத் தள்ளிவிட்டு, தொலைக்காட்சியிலும் காட்டாமல் எந்தக் கூட்டத்தை எண்ணுகிறார்கள்? ஒரு பருவம் முழுக்க நடு அரங்கில் ஆடவிடட்டும். பிறகு கணக்குப் பேசலாம்.