கப்பலை விழுங்கிய கஜானா

அயர்லாந்தின் தேசியப் பாய்மரக் கப்பல் பயிற்சித் திட்டத்துக்கு 2009 டிசம்பர் 9 பட்ஜெட்டில் மூடுவிழா நடத்திவிட்டார்கள். மூழ்கிய ‘அஸ்கார்ட்-2’ கப்பலுக்குக் காப்பீடாகக் கிடைத்த 38 லட்சம் யூரோவும் கஜானாவுக்குப் போய்விட்டது. நிதி நெருக்கடி என்றார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் இது யாரும் புதிதாகக் கேட்ட மானியம் அல்ல. போன கப்பலுக்கு ஈடாக வந்த பணம். இன்னொரு கப்பலாக மாறியிருக்க வேண்டிய பணம்.

2008 செப்டம்பர் 11 அன்று பிரான்ஸின் பெல்-ஈல் தீவருகே அந்தக் கப்பலுக்குள் நீர் புகுந்தது. அதிலிருந்த 25 பேரும் மிதவைகளில் இறங்கி உயிர் தப்பினார்கள். அவர்களில் 20 பேர் பயிற்சிக்கு வந்தவர்கள். இருட்டில், மூழ்கும் கப்பலிலிருந்து பதறாமல் இறங்கினார்களே, இந்தப் பயிற்சிக்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆர்க்லோவில் கட்டப்பட்டு 1981 முதல் ஓடிய கப்பல் அது. ஏறுவதற்கு முன்அனுபவம் தேவைப்படவில்லை. கயிறு இழுத்தார்கள், பாய்மரத்தில் ஏறினார்கள், நடுச்சாமத்தில் சுக்கான் பிடித்தார்கள். முன்பின் அறியாதவரை நம்பித் தூங்கவும் கற்றார்கள். 1956இல் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்கு நடந்த முதல் பந்தயத்திலிருந்து வளர்ந்த ‘டால் ஷிப்ஸ்’ பந்தயங்களில், மாலுமிகளில் பாதிப்பேர் 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முதன்மைக் கோப்பையும் வேகத்துக்கு அல்ல, நாடுகளுக்கிடையே நட்பை வளர்த்த கப்பலுக்கே. அந்தப் பந்தயம் 2011இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்துதான் புறப்பட்டது. ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு இலை போடாத கதை இது.

அன்றைய அரசின் பேச்சை எப்படி நம்பியிருக்க முடியும்? கப்பலை மேலே தூக்குவோம் என்றார்கள். பிறகு, செலவும் ஆபத்தும் அதிகம், தூக்க வேண்டாம் என்றார்கள். காப்பீட்டுப் பணத்தில் வேறு கப்பல் என்றார்கள். கடைசியில் கப்பலும் இல்லை, பணமும் இல்லை.

முதல் ‘அஸ்கார்ட்’ பட்ட பாடும் மறக்கக்கூடியதல்ல. 1914இல் ஐரிஷ் தொண்டர் படைக்காக எழுத்தாளர் எர்ஸ்கின் சில்டர்ஸ் ஹௌத் துறைமுகத்துக்கு 900 துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது அந்தப் படகில்தான். 1961இல் அரசே அதை வாங்கியது. சில ஆண்டுகள் பயிற்சிக்கு ஓட்டியது. பிறகு கில்மைனம் சிறை வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து நலிய விட்டது. நாட்டின் வரலாற்றைச் சுமந்த படகையே காக்கத் தெரியாத அதே மேசைகளில்தான் இளைஞர்களின் எதிர்காலமும் கோப்பாகக் கிடந்தது. நொடித்துப்போன ஒரே ஒரு வங்கிக்கு 2009இல் 400 கோடி யூரோவைக் கொட்டியவர்களுக்கு, 38 லட்சத்தைத் தொடாமல் வைக்க மனம் வரவில்லை. வெட்கக்கேடு.

பணத்தை உரிய இடத்தில் சேர்த்திருக்க வேண்டும். வாட்டர்ஃபோர்டில் பாய்கள் விரிவதற்குள் அரசு ஏதேனும் ஒரு வழி கண்டிருக்க வேண்டும்.

80 மீட்டர் ஆழத்தில், கடலடியில், அஸ்கார்ட்-2 அப்போதும் நிமிர்ந்துதான் நின்றது.