தீ வரும் திசையை அறியும் உரிமை

2009 பெப்ரவரி 7ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீ 173 உயிர்களைக் காவுகொண்டது. அன்று மெல்பேர்ண் நகரின் வெப்பநிலை 46.4 பாகையைத் தொட்டது. 'கறுப்புச் சனிக்கிழமை' என்று அந்நாட்டு மக்கள் அந்நாளைக் குறிப்பிடுவர். ஆண்டுகள் பல கடந்தும், இயற்கையின் சீற்றம் என்று கூறி அதனை முடித்துக்கொள்வோர் உளர். அது பாதி உண்மையே. மறுபாதியை அரச ஆணைக்குழு 2010இல் எழுத்தில் பதிந்து வைத்துள்ளது.

119 பேரைப் பலிகொண்ட கிழக்கு கில்மோர்த் தீ, முற்பகல் 11.45 மணியளவில் பழைய மின்கம்பி ஒன்று அறுந்ததால் மூண்டது. கிங்லேக் மலையூரை அது மாலையிற்றான் தாக்கியது. இடையே பல மணி நேரம் இருந்தது. தீ எங்கே பரவும் என்று கணிக்கவல்ல வல்லுநர்கள் இருந்தனர், வரைபடமும் வரைந்தனர். அது மக்களைச் சென்றடையவில்லை. கங்காரு கிரவுண்ட் கட்டுப்பாட்டு நிலையத்தில் எச்சரிக்கை எழுதி ஆயத்தமாக இருந்தது. ஆனால் அத்தீக்குப் பொறுப்பான நிலையம் கில்மோர் என்பதால் அதனை வெளியிட அனுமதி இல்லை. அதிகார எல்லையைத் தீ மதிக்கவில்லை, அலுவலர்கள் மதித்தனர்.

அந்நாளில் நடைமுறையிலிருந்த கொள்கை யாது? "முன்கூட்டியே வெளியேறுக, அல்லது தங்கியிருந்து வீட்டைக் காத்திடுக; முடிவு உங்களுடையது" என்பதாகும். முடிவெடுக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் சுமத்திவிட்டு, முடிவெடுக்கத் தேவையான செய்தியை மேசையில் பூட்டி வைப்பது எவ்வகை நீதி? இறந்தோரில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே மாண்டனர்.

ஆணைக்குழு 67 பரிந்துரைகளை முன்வைத்தது. தொலைபேசிவழி எச்சரிக்கை முறை 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. மக்களை எச்சரிக்கும் கடமை 2010இல் சட்டத்தில் எழுதப்பட்டது. உறவுகளை இழந்தோர் வாய்மூடி இருந்திருந்தால் இவற்றுள் எத்தனை நடந்திருக்கும்? ஆயினும் பாடம் எங்கும் கற்கப்படவில்லை. 2023 ஓகஸ்ட் 8இல் ஹவாயின் லஹைனா நகர் எரிந்தபோது, அங்கு நிறுவப்பட்டிருந்த அபாயச் சங்குகள் ஒலிக்கவேயில்லை. பிலிப்பைன்ஸ் வழிவந்த குடும்பங்கள் பெருமளவில் வாழ்ந்த அந்நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதில் புலம்பெயர் தமிழருக்கு என்ன என்று கேட்போர் உண்டு. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேற்பட்டோர். விலை குறைந்த வீடு தேடிப் புறநகரின் புல்வெளி விளிம்புவரை குடியேறும் இளங்குடும்பங்களில், பகலில் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமே.

இன்றைய எச்சரிக்கைகளில் "இப்போதே வெளியேறுக" என்பதும் உண்டு; "வெளியேறக் காலம் கடந்துவிட்டது, உடனே உள்ளே பாதுகாப்புத் தேடுக" என்பதும் உண்டு. இரண்டிலும் "வெளியேறு" என்ற சொல் வருகிறது. அச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கும் முதியவரின் கதி என்ன? இவ்வேறுபாட்டை விளக்கும் பொறுப்பை ஒன்பது வயதுப் பேரப்பிள்ளையிடம் ஒப்படைப்பது முறையா?

"ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும்" என்பது எளிய விடை. கற்கத்தான் வேண்டும். ஆனால் எழுபது வயதில் வந்தவர் கற்று முடிக்கும்வரை தீ காத்திருக்காது. "மொழிபெயர்த்த கையேடுகள் உள்ளனவே" என்பது அடுத்த விடை. கோடைக்கு முன்பு ஓய்வாகப் படிக்கும் கையேடு, புகை வாசலுக்கு வந்த நிமிடத்தில் கைபேசியில் ஒலிக்கும் எச்சரிக்கைக்கு ஈடாகாது. இது தொழில்நுட்பத்தாலும் கடினமன்று. எச்சரிக்கைகள் வரையறுக்கப்பட்ட சில வாக்கியங்களால் ஆனவை. ஊர்ப் பெயரும் திசையும் நேரமும் மட்டுமே மாறுகின்றன. அவ்வாக்கியங்களை முன்னதாகவே தமிழாக்கி, அறிந்தோரால் சரிபார்த்து வைத்துவிட்டால், தேவையான வேளையில் நொடியில் அனுப்பலாம்.

பொங்கல் விழாவிற்கு மாநகர சபை உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் சங்கங்கள், அதே மேடையில் இக்கோரிக்கையையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். விக்டோரியாவின் நாட்டுப்புறத் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் தொண்டர்களாலேயே இயங்குகிறது. தமிழ் இளைஞர்கள் அதில் சேர வேண்டும். எந்தத் தெருவால் வெளியேறுவது, எந்நிலையில் வெளியேறுவது, யார் யாரை அழைத்துச் செல்வது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் கோடைக்கு முன்பே வீட்டு முதியோரிடம் தமிழில் கூறி வைக்க வேண்டும். அரசின் கடமையை அரசிடம் கேட்டுக்கொண்டே, வீட்டின் கடமையை வீடு செய்யட்டும். அடுத்த கோடை தொலைவில் இல்லை.